காணிக் கோப்பைத் தர மறுத்தால் எங்கே போவது?

அரச காணிக்கான பெர்மிட் கையில் இருக்கிறது. வயலுக்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் நிற்கிறது. எந்த அடிப்படையில் நட்டார்கள் என்று கேட்டதற்குத் தகவல் அலுவலரும் மறுத்துவிட்டார், அவருக்கு மேலுள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரும் மறுத்துவிட்டார். இனிக் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவா, வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுக் கிளையா, நீதிமன்றமா? உங்களுக்கு வேண்டியது கடதாசியா, காணியா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

கடதாசி என்றால் தகவல் ஆணைக்குழுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மேன்முறையீட்டுக்கு இரண்டு மாதம் உண்டு. குறித்தளிக்கப்பட்ட அலுவலர் மூன்று வாரத்தில் பதிலே தராவிட்டால், அந்த மூன்று வாரம் முடிந்த நாளிலிருந்து கணக்கு. சட்டத்தரணி தேவையில்லை. மறுத்தது சரி என்று காட்டவேண்டிய பொறுப்பு திணைக்களத்துடையது. மறைத்த கோப்பையே ஆணைக்குழு வரவழைத்துப் பார்க்கலாம், அலுவலரைச் சத்தியத்தின் பேரில் விசாரிக்கலாம். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுத்திருந்தாலும், பொதுநலன் அதைவிடப் பெரிது என்று கண்டால் கொடுக்கச் சொல்லலாம்.

ஆனால் அந்த அதிகாரம் கோப்போடு முடிகிறது. கல்லைப் பிடுங்கச் சொல்லவோ, வர்த்தமானியைத் திருத்தவோ, பெர்மிட் வழங்கவோ ஆணைக்குழுவால் முடியாது. இல்லாத ஆவணத்தை உண்டாக்கித் தரச் சொல்லவும் முடியாது. வன்னியில் இதுதான் பெரிய சிக்கல்: போரில் அழிந்த கோப்புகள் பல. 'இல்லை' என்ற பதில் வந்தால், எங்கெங்கே தேடினார்கள் என்று விசாரிக்கும்படி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். கூடவே அதே கோப்பின் மறுபிரதியைக் காணி ஆணையாளர் திணைக்களத்திடமும் நில அளவைத் திணைக்களத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பெர்மிட் அல்ல, அரசு காணியையே வழங்கிய அளிப்புப் பத்திரம் என்றால் காணிப் பதிவகத்திலும் தேடலாம்.

கட்டளையை மீறினால்? இந்தியாவில் தகவல் ஆணையமே நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்கும். இலங்கையில் தகவல் ஆணைக்குழு நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவேண்டும். அங்கேதான் 50,000 ரூபா வரை தண்டமோ இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டுமோ. ஒரு மாதத்துக்குள் திணைக்களமும் மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம் என்பதால், கட்டளை வந்த அன்றே பிரதி கைக்கு வரும் என்று எண்ணவேண்டாம்.

மனித உரிமைகள் ஆணைக்குழு கிட்ட இருக்கிறது, செலவில்லை, ஆனால் அதனால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். அதன் உண்மையான பயன் வேறு. நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டு விசாரணை நடந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. விசாரணை நடக்கிறதா என்று பாராமல் முறைப்பாட்டு ரசீதை மட்டும் நம்பியிருந்தால் மனு தள்ளுபடியாகலாம்.

காணியே வேண்டுமென்றால், திணைக்களத்தின் முடிவை ரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனுதான். செலவு அதிகம், தாமதித்தால் அதுவே எதிராகும். கோப்பு வரட்டும் என்று தகவல் ஆணைக்குழுவின் முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் பலர் சறுக்கும் இடம். இரண்டையும் ஒரே காலத்தில் நடத்தலாம்.

கேள்வியிலும் கவனம் வேண்டும். 'ஏன் என் வயலை எடுத்தீர்கள்?' என்பது ஆவணக் கோரிக்கையாகாது. எல்லை வரைபடம், களப் பரிசோதனை அறிக்கை, பிரதேச செயலகத்துடனான கடிதங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காரணந்தான் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவைக் குறிப்பிட்டுத் தனிக் கடிதம் எழுதுங்கள்: முடிவால் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால் அலுவலர் காரணம் சொல்லியாகவேண்டும். எந்தக் கடிதமானாலும் உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் கந்தோரை விட்டு வராதீர்கள்.