டைமர் ரிலே கிட்: வாங்கலாம், ஒரு டயோடு மட்டும் சேருங்கள்

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக அணைய வேண்டும் என்று 12 வோல்ட் டைமர் ரிலே கிட் ஒன்று வாங்கினேன். நேரத்தை எண்ணும் 555 ஐசி, ரிலேயை இயக்கும் பிசி547 டிரான்சிஸ்டர், ஃபேனை ஆன்-ஆஃப் செய்யும் மின்சுவிட்சான ஒரு ரிலே. அரை மணி நேர வேலை. போர்டு தரமானது, ஈயம் அழகாகப் பிடித்தது.

நேரக் கணக்கு எளிது: ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி, அதை 1.1-ஆல் பெருக்க வேண்டும். 1 மெகாஓம், 100 மைக்ரோஃபேரட் போட்டால் 110 விநாடி. எனக்கு 124 வந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்றால் இவ்வளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

மூன்றாம் நாள் ஃபேன் நிற்கவே இல்லை. டிரான்சிஸ்டரைக் கழற்றி மீட்டரில் பார்த்தால் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு கால்களும் ஷார்ட்; அதனால்தான் ரிலே விடுபடவே இல்லை. ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குக் குறுக்கே டயோடே (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) கொடுக்கவில்லை! காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறும்போது நூறு வோல்ட்டுக்கு மேல்கூட எகிறும். பிசி547 தாங்குவது 45 வோல்ட்தான். டயோடு இருந்தால் அந்த மின்னோட்டம் அதன் வழியாகவே சுற்றி அடங்கிவிடும். இதைப் போய் விட்டுவிட்டார்களே என்று நிஜமாகவே கோபம் வந்தது.

புது டிரான்சிஸ்டர் போட்டு, போர்டின் அடியில் காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைப் பற்றவைத்தேன். வெள்ளிக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சப்ளையே ஷார்ட்டாகி மறுபடி டிரான்சிஸ்டர் போய்விடும். டயோடு இருந்தால் ரிலே விடுபடச் சில மில்லிவிநாடி கூடும், ஃபேனுக்கு அது பொருட்டே இல்லை. அப்புறம் இரண்டு மாதமாகத் தினமும் ஓடுகிறது.