ஸ்கேன் அன்றே கிடைத்தது, காலைத் தொட்டவர் யாருமில்லை

பொங்கல் கபடியில் அக்கா மகனுக்கு முழங்கால் திருகிக்கொண்டது. ரெய்டு போய்த் திரும்பும்போது பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. உள்ளே ‘டொப்’ என்றொரு சத்தம், ஒரு மணி நேரத்துக்குள் பந்து மாதிரி வீக்கம். இவ்வளவு சொன்னாலே, முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு போயிருக்குமோ என்று சந்தேகம் வர வேண்டும். மறுநாள் மெல்ல ஏறுவது மூட்டு நீராக இருக்கலாம். இப்படி உடனே வீங்கினால் பெரும்பாலும் உள்ளே ரத்தம்.

தனியார் மருத்துவமனையில் பணம் கட்டியதும் நேரே எம்ஆர்ஐ. எனக்குப் பழக்கமான லண்டனில் வாரக்கணக்கில் காத்திருக்கும் படம், சாயங்காலமே கையில் இருந்தது. அதுவரை சந்தோஷம்தான். ஆனால் மருத்துவர் பேன்ட்டை மடிக்கக்கூடச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் படித்து, “பார்ஷியல் டேர், பாதிதான் கிழிந்திருக்கு, ஆறு வாரம் பிரேஸ், கால் ஊன்றக் கூடாது” என்று அனுப்பிவிட்டார். லண்டனில் படம் வரத் தாமதமாகும், ஆனால் பிசியோ முதலில் பார்க்கும்போதே காலைக் கையில் எடுத்துவிடுவார்.

அடிபட்ட புதிதில் ரத்தமும் வீக்கமும் சூழ்ந்திருக்கும்போது, பாதி கிழிந்ததா முழுக்கப் போனதா என்று படம் பல நேரம் தெளிவாகக் காட்டாது. மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கைதான் சொல்லும். தனி ஏசிஎல் காயத்துக்குக் காலை ஆறு வாரம் நீட்டியே கட்டி வைத்தால் தொடைத் தசை கரையும், முழங்கால் இறுகும். அந்த இறுக்கத்தோடு அறுவை சிகிச்சைக்குப் போனால் பிறகு கால் முழுக்க நீளாமலே போகலாம்.

அம்மாவோ முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டலாம் என்றார். அந்த வாசனையே சின்ன வயதைக் கொண்டுவந்தது. ஆனால் ஏசிஎல் மூட்டின் நடுவே, நீர் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. ரத்தம் உறைந்து பிடித்து நிற்க அங்கே வழியில்லை, வெளிக்கட்டு அதுவரை எட்டாது.

பத்தாம் நாள் அரசு மருத்துவமனை எலும்பு ஓபி, ஏழு மணிக்கே வரிசை. அங்கிருந்த இளம் மருத்துவர் நல்ல காலைத்தான் முதலில் பிடித்தார். முழங்காலை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, இன்னொரு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்தார். ‘டக்’கென்று நின்றது. அடிபட்ட காலில் அந்த நிறுத்தமே இல்லை, கீழ்க்கால் எலும்பு வழுக்கிக்கொண்டு வந்தது. “முழுசா போயிருக்குப்பா.” முதல் நாள் வலியில் பின்தொடைத் தசை இறுகியிருந்தால் இதே சோதனை ஏமாற்றும். பத்து நாள் கழித்துப் பார்த்தது அதற்கும் நல்லதாகப் போயிற்று. பக்கவாட்டு ஜவ்வையும் அசைத்துப் பார்த்தார். கால் பூட்டிக்கொள்ளாமல் நீள்கிறதா, அதாவது மூட்டுக்குள் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் மடங்கிச் சிக்கவில்லையா என்றும் பார்த்தார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

பிரேஸைக் கழற்றச் சொல்லி, ஓபி சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: ஊன்றி நட. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணு, ஒரு நாளைக்கு நூறு தடவை. வீக்கம் வற்றி, கால் நேராக நீண்ட பிறகு வா, ஆபரேஷனை அப்போது பேசுவோம். ஆபரேஷன் செய்தால் ஒன்பது மாதத்துக்குக் களத்தில் இறங்காதே.

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.