மலாவியில் சர்க்கரை நோய்: முதலில் கிராம சுகாதார நிலையமா, மாவட்ட மருத்துவமனையா?

மலாவி மாதிரி காசு குறைவான நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் 'பென்' என்ற தொற்றாநோய்த் திட்டம்: கிராமத்து சுகாதார நிலையத்திலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்து, மக்காச்சோளக் களியை அளவாகச் சாப்பிடச் சொல்லி அனுப்புவது. நிறைய பேரை எட்டும், மாத்திரையும் மலிவு.

இன்னொன்று 'பென் பிளஸ்'. மாவட்ட மருத்துவமனையில், பயிற்சி பெற்ற நர்சுகள் முதல் வகை நீரிழிவு (உடம்பில் இன்சுலின் சுரக்காததால் ஊசியாகப் போட வேண்டியது), ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடும் ருமாட்டிக் இதய நோய், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் எல்லாவற்றையும் ஒரே கிளினிக்கில் பார்ப்பார்கள். ருவாண்டா அனுபவத்தில் முளைத்தது, மலாவியில் நெனோ மாவட்டத்தில் நடக்கிறது, 2022-இல் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆளுக்கு ஆகும் செலவு அதிகம்தான். இன்சுலினோடு முடியாதே, ஊசி வேண்டும், சர்க்கரை அளவு பார்க்க ஸ்டிரிப் வேண்டும், கரண்ட் இல்லாத வீட்டில் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க மண்பானையாவது வேண்டும், அப்புறம் மாதாமாதம் வந்துபோக வண்டிக் காசு.

சரி, எதை முதலில்? நான் மாவட்ட கிளினிக் பக்கம். பெரும்பாலும் மாத்திரையில் சமாளிக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்குச் சிகிச்சை சில மாதம் தள்ளினால் பெரும்பாலும் தாங்குவார், இன்சுலின் இல்லாத முதல் வகைக் குழந்தை தாங்காது. அதோடு, கிராமத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும் ஆளைக் கண்டுபிடித்த பிறகு அனுப்பிவைக்க ஓர் இடம் வேண்டாமா?