வயிறு நிறைய அளவு, பசி தள்ளிப்போகப் புரதம்

சாப்பிடும்போது ‘போதும்’ என்று கை நிற்பது ஒன்று. அடுத்த வேளை வரை பசி எட்டிப் பார்க்காமல் இருப்பது வேறொன்று. பசியை அடக்க உணவின் அளவு முக்கியமா, புரதம் முக்கியமா என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரைப்பை விரிந்தால், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். இரைப்பைக்குக் கலோரிக் கணக்கெல்லாம் தெரியாது. அதனால் நீர்ச்சத்தும் நார்ச்சத்தும் நிறைந்த காய்கறிகள் குறைந்த கலோரியிலேயே கையை நிறுத்திவிடுகின்றன. அப்படியென்றால் வெறும் தண்ணீரையே குடித்துவிடலாமே? அது எடுபடாது. 1999இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸின் குழு, மதிய உணவுக்கு முன் ஒரே பொருட்களை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தது: கெட்டியான உணவாக, அதனுடன் குடிக்கத் தண்ணீர் வைத்து, அந்தத் தண்ணீரையும் உள்ளே சேர்த்துச் சூப்பாக. சூப் குடித்த நாளில்தான் மதிய உணவு குறைந்தது. தனியாகக் குடிக்கும் தண்ணீர் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும்.

புரதத்தின் வேலை குடலில். சிறுகுடலின் தொடக்கத்தில் கோலிசிஸ்டோகைனின், கீழ்ப்பகுதியில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்று பசியை அடக்கும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. இரைப்பை காலியாவது தாமதப்படுகிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் இறங்குகிறது. ஆனால் இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அவசர அவசரமாகச் சாப்பிடுபவர் அதற்குள் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டிருப்பார்.

1995இல் சிட்னியில் ஆய்வாளர் சுசானா ஹோல்ட் குழு வெளியிட்ட, எந்த உணவு எவ்வளவு பசியடக்கும் என்ற பட்டியலைக் காட்டி ‘அளவுதான் ஜெயித்தது’ என்பவர்கள் உண்டு. தலா 240 கலோரி கொடுத்து, வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தபோது புரதம் குறைவான வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்றது. மீன் 225, மாட்டிறைச்சி 176, குரோசான் வெறும் 47. சரிதான், ஆனால் அவர்கள் அளந்தது சாப்பிட்ட பிறகான 2 மணி நேரத்தை மட்டுமே. புரதம் தன் பலத்தைக் காட்டுவது அதற்குப் பின்னும்தான் என்பதால், இந்தப் பட்டியலை வைத்துத் தீர்ப்பெழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜூஸ் இரண்டிலும் தேறாது. 2009இல் நடந்த ஓர் ஆய்வில், மதிய உணவுக்கு முன் முழு ஆப்பிள் சாப்பிட்டவர்கள், அந்த ஆப்பிளையும் சேர்த்தே, முன்னதாக எதுவும் சாப்பிடாத நாளைவிட 15 சதவீதம் குறைவான கலோரிதான் உட்கொண்டார்கள். ஆப்பிள் ஜூஸ் அந்த அளவுக்கு உதவவில்லை, அதில் நார்ச்சத்தைக் கலந்தும்கூட.

உட்கார்ந்தால் எழவே மனமில்லாதவர் காய்கறியையோ சூப்பையோ முதலில் சாப்பிடட்டும். அளவாகச் சாப்பிட்டும் இரண்டு மணி நேரத்தில் நொறுக்குத்தீனி தேடுபவர் புரதத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அவருக்கு இன்னொரு கிண்ணம் சூப் உதவாது.