மாசி வீதிக் கடைக்காரருக்கு ஏற்ற தொழில் நூல் எது?

தொழில், தலைமைப் பண்பு, தன்முன்னேற்றம் என்ற பெயர்களில் ஆண்டுதோறும் வந்து குவியும் ஆங்கில நூல்களில் பெரும்பாலானவை, நூற்றுக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனத்தையும் அதன் மேலாளரையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. மதுரையில் தொழில் என்றவுடன் நினைவுக்கு வருபவை மாசி வீதிகளின் மொத்த வியாபாரக் கடைகள், விளக்குத்தூண் பகுதியின் ஜவுளிக் கடைகள், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீடுகள், தெருவுக்கு ஒன்றாக இருக்கும் மெஸ்கள் ஆகியவைதாம். முதலாளியே கல்லாவில் அமர்ந்து நான்கைந்து பேரை வைத்து நடத்தும் இத்தகைய தொழிலுக்கு எது உதவும் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு, அண்மை ஆண்டுகளில் அதிகம் பரிந்துரைக்கப்படும் மூன்று நூல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

வாசிக்க மிக இனிமையானது, வில் குய்தாரா 2022-இல் எழுதிய ‘அன்ரீசனபிள் ஹாஸ்பிடாலிட்டி’. நியூயார்க்கின் லெவன் மேடிசன் பார்க் உணவகத்தை நடத்தியவர் அவர். உலகின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் அது 2017-இல் முதலிடம் பெற்றது. ஊரைவிட்டுக் கிளம்பவிருந்த வெளிநாட்டு விருந்தினர்கள், நியூயார்க்கின் தெருவோர ஹாட் டாக்கை மட்டும் சாப்பிடவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டு, வெளியே ஓடி ஒன்றை வாங்கிவந்து, சமையல் கலைஞரைக் கொண்டு அழகாக வெட்டிப் பரிமாறச் செய்த கதைதான் இந்நூலில் எல்லோரும் எடுத்துச் சொல்வது. ஆனால் கடைக்காரருக்குத் தேவையான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. செலவில் 95 விழுக்காட்டைப் பைசா பிசகாமல் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தினால்தான், மீதமுள்ள 5 விழுக்காட்டை விருந்தினரின் மகிழ்ச்சிக்காகத் தாராளமாகச் செலவிட முடியும் என்பது அவர் பின்பற்றிய விதி.

கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பத்துக்கு உட்கார வைத்துக் கலர் வாங்கிக் கொடுப்பதையும், இலையில் சட்னி தீரும் முன்பே கேட்காமல் ஊற்றுவதையும் மதுரைக்காரருக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. அந்த 5 விழுக்காடு இங்கே பழக்கத்திலேயே இருக்கிறது. நம்மிடம் தளர்ந்து கிடப்பது 95 விழுக்காடுதான்: எந்தச் சரக்கு எத்தனை மாதமாக அலமாரியில் தூங்குகிறது, யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது, வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது எவ்வளவு என்பவை பல கடைகளில் முதலாளியின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஹாட் டாக் கதையில் மயங்கி இந்த விதியைத் தாண்டிப் போகும் வாசகருக்கு இந்நூல் செலவைத்தான் கூட்டும்.

2023-இல் வெளிவந்து, அவ்வாண்டுக்கான ஃபைனான்சியல் டைம்ஸ் தொழில் நூல் விருதைப் பெற்ற ‘ரைட் கைண்ட் ஆஃப் ராங்’, ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் எழுதியது. நடை குய்தாராவினுடையதைப் போல ஓடாது. சில இடங்களில் வகுப்பறை வாடையும் அடிக்கிறது. இருந்தும் இம்மூன்றில் அதிக உழைப்புக்குத் தகுதியானது இதுவே என்பது என் கணிப்பு. தோல்விகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: தெரிந்த வேலையில் கவனப் பிசகால் வருவது, பல சிறு காரணங்கள் ஒரே நேரத்தில் கூடிக்கொள்வதால் வருவது, தெரியாத ஒன்றை அறியத் துணிந்து செய்து பார்ப்பதால் வருவது. பில்லில் ஒரு சுழியம் கூடிப்போவது முதல் வகை. சித்திரைத் திருவிழாத் தேரோட்ட நாளில் வழக்கமான வழி அடைபட்டு, லோடு வண்டி ஊருக்கு வெளியே நின்று, அன்று பார்த்து லோடுமேனும் வராமல்போய், சமையலுக்கு வேண்டிய சரக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேராதது இரண்டாம் வகை. மூன்றாம் வகையை மட்டுமே அவர் வரவேற்கிறார், அதுவும் நிபந்தனைகளோடு: இலக்கு பயனுள்ளதாக இருக்க வேண்டும், விசாரிக்க வேண்டியதையெல்லாம் முன்பே விசாரித்திருக்க வேண்டும், இழப்பு இயன்ற அளவு சிறியதாக இருக்க வேண்டும். புதிய நிறச் சேர்க்கையில் நூறு சுங்குடிச் சேலைகளைச் சாயம் போட்டுவிட்டு விற்பனைக்குக் காத்திருப்பவருக்கும், பத்துச் சேலைகளைப் போட்டு இரண்டு கடைகளில் வைத்துப் பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்நூலின் வேர் அவருடைய பழைய ஆய்வு ஒன்றில் இருக்கிறது. மருத்துவமனைக் குழுக்கள் மருந்து கொடுப்பதில் செய்யும் பிழைகளை ஆராயப் போனவர், நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் வந்ததோ அக்குழுக்களில்தான் பிழை அதிகம் என்பது. அவர்கள் பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அதற்குக் காரணமாகப் பின்னர் தெரியவந்தது. “அண்ணாச்சி, அந்த பில்லைத் தப்பாப் போட்டுட்டேன்” என்று கடைப் பையன் அன்றைக்கே வந்து சொல்வானா, அல்லது இருப்பெடுக்கும்போதுதான் தெரியவருமா என்ற கேள்வியை ஒவ்வொரு முதலாளியும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். நாலு பேர் முன்னால் திட்டுவதே நிர்வாகம் என்று பழகிய இடங்களில் விடை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கால் நியூபோர்ட்டின் ‘ஸ்லோ புரொடக்டிவிட்டி’ 2024-இல் வந்தது. குறைவான வேலைகளை எடுத்துக்கொள்வது, இயல்பான வேகத்தில் செய்வது, தரத்தில் விடாப்பிடியாக இருப்பது என்பவை அதன் மூன்று கொள்கைகள். வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது இயல்பான வேகம் பேச முடியாது. முகூர்த்த நாளுக்கு மல்லிகை காத்திருக்காது. கடைக்காரருக்கு இந்நூல் அவ்வளவாகப் பொருந்தாது. ஆடிட்டர், கட்டட வரைபடக்காரர், மென்பொருள் எழுதுபவர் போன்றோருக்கு மட்டும் இதில் ஒரு நல்ல கருவி கிடைக்கிறது: ஒப்புக்கொண்ட வேலைகளையெல்லாம் ஒரு பட்டியலில் நிறுத்திவைத்து, அதிலிருந்து மூன்றை மட்டும் நடப்பு வேலைகளாக எடுத்து, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கொண்டுவரும் முறை. ஜிஎஸ்டி தாக்கலுக்கு மாதந்தோறும் 11, 20 என்று தேதிகள் துரத்தும் அலுவலகத்தில்கூட எஞ்சிய நாட்களுக்கு இது உதவும். ஆடம் கிராண்ட் 2023-இல் எழுதிய ‘ஹிடன் பொட்டன்ஷியல்’ பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்குமே கூடுதலாகப் பயன்படும் என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

புதிய நூல்களை எடைபோடுவதற்குப் பழைய படிக்கல் ஒன்றும் நம் ஊரிலேயே உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் 2011-இல் எழுதிய ‘இன்ஃபினிட் விஷன்’ அது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அம்மருத்துவமனை. ஓர் அறுவை முடிந்ததும் மருத்துவர் அடுத்த மேசைக்குத் திரும்பும்படி நோயாளியை ஆயத்தமாக வைத்திருப்பது, கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து மருத்துவரல்லாதோர் செய்யக்கூடிய வேலைகளை அவர்களிடம் ஒப்படைப்பது, கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்சின் விலை கட்டுப்படியாகாததால் 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்சைத் தாமே தயாரித்தது ஆகியவற்றை வாசிக்கும்போது, குய்தாரா சொல்லும் 95 விழுக்காட்டுக் கட்டுப்பாடு, பணம் கொடுக்க முடியாத நோயாளிக்கு என்ன செய்யும் என்பது தெரிகிறது. நூலாசிரியர்களின் வியப்பு சற்றுத் தூக்கல்தான். ஒரே வகை அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்தின் ஒழுங்கு, தினம் ஒரு விலை பேசும் மண்டிக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் வாசகரே கழித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் கடையை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் இளைஞருக்கு எட்மண்ட்சனின் முற்பகுதியையும், உணவகமோ ஜவுளியோ நடத்துபவருக்குக் குய்தாராவையும் முதலில் சொல்வேன். இந்நூல்களின் ஆங்கிலப் பதிப்புகள் மலிவானவை அல்ல. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இவை இருக்கின்றனவா என்று கேட்டு, இருந்தால் ஓர் அத்தியாயம் வாசித்துப் பார்த்துவிட்டுப் பணம் போடுவது நல்லது.