நான்கு குழித் தட்டும் ஒரு பாட்டிலும்: மடிநோய் சோதனை கிட், இரண்டு வருட அனுபவம்

என் மாடு செவலையின் இடது பின் காம்பு போன பிறகுதான் இந்தத் தட்டு என் கைக்கு வந்தது. முன்னாடியே வந்திருந்தால் அந்தக் காம்பு இன்றைக்கும் கறந்திருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

அப்போது அவள் பால் வெள்ளையாகத்தான் இருந்தது. கட்டி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. கறவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தீவனம் பத்தவில்லை என்று நினைத்துக் கூட்டிப் போட்டேன். ஒருநாள் விடியற்காலை முதல் பீய்ச்சலிலேயே திரிந்த தயிர் மாதிரி விழுந்தது. மடியைத் தொட்டால் கல். ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியது, மாடு பிழைத்தது. ஆனால் அந்தக் காம்பில் அடுத்த ஈத்திலும் பால் இறங்கவில்லை.

வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் சொன்னார்: “இது நேத்து வந்த நோய் இல்லக்கா. வெளிய தெரியாம பல வாரமா உள்ளயே இருந்திருக்கு.” பையிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து மற்ற ஐந்து மாடுகளையும் சோதித்தார். நான் சுத்தமான பால் என்று நம்பிக் கறந்துகொண்டிருந்த இரண்டு மாடுகளில் பால் கூழாகத் திரண்டது. அன்று சாயங்காலமே கிட் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன்.

இதற்குப் பெயர் கலிபோர்னியா மடிநோய் சோதனை. 1957-இல் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் வெளியிட்ட முறை. ஷால்ம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளர்; விலங்குகளின் ரத்தத்தைப் பற்றிய படிப்பிலும் பெரிய பெயர். மடிக்குள் கிருமி புகுந்தால் அதை எதிர்க்க ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் பாலுக்குள் வந்து குவியும். கரைசலில் இருப்பது ஒருவகை சோப்புப் பொருள்தான். அது அந்த அணுக்களை உடைக்கும், உள்ளே இருக்கும் டிஎன்ஏ வெளியே வந்து பாலைக் கூழாக்கும். அணு கூடக் கூட, கூழ் தடிக்கும். கண்ணுக்குத் தெரியாத சண்டையை மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். மின்சாரம் வேண்டாம், மைக்ரோஸ்கோப் வேண்டாம்.

கிட்டில் இருப்பது நான்கு குழித் தட்டு, அடர் கரைசல் ஒரு பாட்டில், நீர் கலந்து வைத்துக்கொள்ள இன்னொரு பாட்டில். மடியைக் கழுவித் துடைத்து, முதல் சில பீய்ச்சலைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு காம்புக்கும் ஒரு குழி. தட்டைச் சாய்த்தால் கூடுதல் பால் வழிந்து, கோடு வரை சுமார் 2 மி.லி. நிற்கும். அதே அளவு கரைசல் விட்டுத் தட்டை வட்டமாகச் சுழற்ற வேண்டும். பத்து விநாடியில் தெரிந்துவிடும். நல்ல காம்பின் பால் தண்ணீராக ஓடும். சந்தேகமான பாலில் மெல்லிய வழவழப்பு தோன்றிச் சுழற்றச் சுழற்ற மறையும். கெட்ட பால் நடுவில் திரண்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒட்டிக்கொண்டு நகரும். தண்ணீராக ஓடும் பாலில் மி.லி.க்கு இரண்டு லட்சத்துக்குள் அணுக்கள் இருக்கும், அந்த வெள்ளைக்கரு நிலையில் ஐம்பது லட்சத்தையும் தாண்டியிருக்கும்.

குறைகள் இருக்கின்றன. முதலில் வாங்கிய கிட்டின் தாளில், எத்தனை விநாடிக்குள் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. நான் நான்கு குழிகளையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது விநாடி தாண்டினால் மெல்லிய கூழ் கலைந்துவிடும் என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை ‘சரி’ என்று எழுதி வைத்ததையெல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து சோதித்தேன். மாட்டின் உயிரோடு சம்பந்தப்பட்ட பொருளில் அந்த ஒரு வரியை அச்சடிக்காமல் விட்டது எனக்கு இன்னும் கோபம்தான். அளவுக் கோடுகளும் வெள்ளைத் தட்டில் வெள்ளையாகவே இருந்தன. அரை இருட்டுக் கொட்டகையில் தெரியவே தெரியாது. கறுப்பு மார்க்கரால் நானே வரைந்துகொண்டேன். இப்போது வைத்திருப்பது வேறு கம்பெனி கிட். அதில் கோடு ஆழமாக, தொட்டாலே தெரிகிற மாதிரி இருக்கிறது. குளிர்நாளில் அடர் கரைசல் அடியில் வெள்ளையாக உறைந்தால் பயப்பட வேண்டாம், பாட்டிலை வெந்நீரில் வைத்துக் குலுக்கினால் கரைந்துவிடும்.

கன்று போட்ட முதல் சில நாட்களில் சீம்பாலைச் சோதித்துப் பயந்துவிடாதீர்கள், ஆரோக்கியமான மடியிலும் அது திரளும். பால் வற்றப்போகும் கடைசி நாட்களிலும் அப்படித்தான். நான்கு காம்பும் ஒரே மாதிரி லேசாகத் தடித்தால் பொறுத்துப் பார்க்கலாம். மூன்று ஓடி ஒன்று மட்டும் திரண்டால் சும்மா இருக்கக் கூடாது. “நாலு காம்பையும் நாலு மாடா நெனச்சுக்கோங்கக்கா,” என்பார் டாக்டர். உண்மைதான், ஒரு காம்பின் பால் இன்னொன்றுக்குப் போவதில்லை.

ஆனால் தட்டு எந்தக் காம்பு என்று சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது. அன்று திரண்ட இரண்டு மாடுகள் கருப்பியும் மயிலையும். தட்டில் இரண்டு கூழும் ஒன்று போலவே இருந்தன. டாக்டர் ஊசியை எடுக்கவில்லை. காம்பு நுனியைச் சாராயப் பஞ்சால் துடைத்தார், தூரத்துக் காம்புகளை முதலில், பக்கத்துக் காம்புகளைக் கடைசியில். பால் பிடித்தது பக்கத்திலிருந்து தொடங்கி. துடைத்த காம்பின் மேல் கை உரசக் கூடாது என்பதற்குத்தான் அந்த வரிசை. கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. மயிலைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, பென்சிலினுக்கு நன்றாகக் கேட்கும் கிருமி. காம்புக்குள் மருந்து போட்டுச் சரியானது. கருப்பிக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அது மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளாகப் பதுங்கும், மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. முழுசாகக் குணமாகும் என்று வாக்குத் தர முடியாது என்று டாக்டர் நேராகவே சொன்னார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அன்றிலிருந்து கருப்பியைக் கடைசியாகக் கறக்கிறேன். கறவை முடிந்ததும் எல்லா மாட்டுக்கும் காம்பை அயோடின் கரைசலில் முக்குகிறேன். உடனே படுத்துவிடாதபடி தீவனம் வைக்கிறேன். கறந்த பிறகு காம்புத் துவாரம் மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

காம்பை முக்குவது புதுசு இல்லை. 1960-களில் இங்கிலாந்துப் பால் ஆராய்ச்சியாளர்கள் மடிநோயைக் கட்டுப்படுத்த வகுத்த ஐந்து அம்சத் திட்டத்திலேயே அது உண்டு. அந்த ஆராய்ச்சி எங்கேயோ தாளில் நிற்கவில்லை, தினமும் இரண்டு வேளை என் கையில் ஒட்டுகிறது.

ஒரு மாடு வைத்திருந்தாலும் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். கூழைப் பார்த்ததும் பழைய ஊசியை நீங்களே போட மட்டும் செய்யாதீர்கள். பால் மாதிரி ஆய்வகத்துக்குப் போகட்டும். மருந்து போட்டால் டாக்டர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைக் குடிக்கவோ விற்பனைக்கு ஊற்றவோ கூடாது. ஒவ்வொரு மாட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கித் தேதியும் நான்கு காம்பின் நிலையும் எழுதுங்கள். கூழ் தடிக்கத் தடிக்க எண் ஏறும்: லேசான கூழுக்கு ஒன்று, வெள்ளைக்கரு மாதிரித் திரண்டால் மூன்று. என் நோட்டில் கருப்பியின் வலது முன் காம்பு மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, மறுபடி இரண்டுக்கு ஏறியிருக்கிறது. அடுத்த வற்றுக்காலத்தில் என்ன செய்வது என்று டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

செவலையைச் சோதிக்கும்போது மூன்று குழியில்தான் பால் விழும். போன வாரம் மூன்றும் தண்ணீராக ஓடின.