பெலும், பொர்ரா, குடியம்: சென்னையிலிருந்து குகை பார்க்கச் செல்வோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனவை. மழைநீர் அதை எளிதில் கரைத்துவிடாது என்பதால், நீர் தானே குடைந்த நிலத்தடிக் குகை எதுவும் நம் நகரை ஒட்டி இல்லை. மாமல்லபுரத்தில் நாம் குகை என்று சொல்பவை உளியால் குடைந்த மண்டபங்கள். இயற்கையான குகையைத் தேடும் சென்னைவாசிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பெயர்கள் மூன்று: திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம், ஆந்திரத்தின் பொர்ரா, அதே மாநிலத்தின் பெலும்.

குடியம் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் அது நிலத்தடிக் குகை அன்று. கூழாங்கற்கள் இறுகிய திரள்பாறையில் அமைந்த, வானம் தெரியும் அகன்ற பாறை ஒதுக்கிடம். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த இடம் என்ற வகையில் அதன் பெருமை தனியானது. வனத்துறையிடம் அனுமதி பெற்று, பூண்டி அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

உண்மையான போட்டி பொர்ராவுக்கும் பெலுமுக்கும் இடையில்தான். இரண்டும் சுண்ணாம்புக்கல் குகைகள். மண்ணில் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மென்மையான அமிலமாகும் மழைநீர், கல்லின் இடுக்குகளில் இறங்கி அதைக் கரைக்கிறது. குகைக் கூரையை அடைந்ததும் அந்த வாயுவை இழந்து, கரைத்து வந்த கால்சியம் கார்பனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் செல்கிறது. கூரையிலிருந்து இறங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழுவது கல்முளை, இரண்டும் கூடினால் கல்தூண். இவை மிக மெதுவாகவே வளர்கின்றன.

இந்தப் படிவங்களை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பொர்ராவே முந்துகிறது. அனந்தகிரி மலையில், கோஸ்தனி ஆற்றின் நீர் குடைந்த அந்தக் குகை, அகன்ற வாயிலும் உயர்ந்த கூரையும் கொண்ட பெருங்கூடம். பருத்த தூண்களும் மடிப்பு மடிப்பான திரைகளும் நிறைய உண்டு. சிவலிங்கமாக வணங்கப்படும் கல்முளையும் அங்கே இருக்கிறது. விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் செல்லும் ரயில், சுரங்கங்கள் பலவற்றைக் கடந்து குகைக்கு அருகிலேயே நிற்பதும் ஈர்ப்புதான். குறைகள் இரண்டு: சென்னையிலிருந்து முதலில் விசாகப்பட்டினத்துக்கே ஓர் இரவுப் பயணம் வேண்டும், வண்ண விளக்குகள் கல்லின் சொந்த நிறத்தை மறைத்துவிடுகின்றன.

நந்தியால் மாவட்டத்துப் பெலும் வேறு இயல்பினது. சமதரை வயல்களின் நடுவே, கிணறு போன்ற பள்ளத்தின் வழியாக இறங்க வேண்டும். உள்ளே பெரும்பகுதி கூடமாக இல்லை, வளைந்து வளைந்து பிரியும் சுரங்க வழிகள். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1884இல் இதைக் குறித்து வைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1980களின் தொடக்கத்தில், டேனியல் கெபாவர் தலைமையிலான ஜெர்மானியக் குழு விரிவாக அளந்தது. அறியப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் பார்வையாளருக்குத் திறந்திருப்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். மிக ஆழமான இடமான பாதாளகங்கையில், வாயில் மட்டத்துக்கு 46 மீட்டர் கீழே, சிற்றோடை ஒன்று பாறைக்குள் புகுந்து மறைகிறது. கோடிலிங்கக் கூடத்திலும், ஆலமரத்து விழுதுகளை ஒத்த கூரையின் கீழும் படிவங்கள் அழகுதான். மற்ற இடங்களில் அவை குறைவே. ஆயினும் நீர் வழித்துச் சென்ற சுவர்களின் வளைவுகளைத் தொடர்ந்து நடக்கையில், ஒரு குகை எவ்வாறு உருவாகிறது என்பது, எந்தப் பலகையையும் படிக்காமலேயே புரிந்துவிடுகிறது. நிலத்துக்கு அடியில் இருக்கிறோம் என்ற உணர்வைப் பொர்ராவின் அகன்ற கூடம் இந்த அளவுக்குத் தருவதில்லை. அதனால் முதன்முறை செல்பவருக்கு நான் பெலுமையே சொல்வேன். சென்னை–மும்பை ரயில் பாதையிலுள்ள தாடிபத்ரியில் இறங்கிச் சாலை வழியே செல்லலாம். காரில் கடப்பா வழியாகச் செல்பவர்கள் கண்டிகோட்டைப் பள்ளத்தாக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பெலுமின் சப்தஸ்வரக் குகையில், ஒலி எழுகிறது என்பதற்காகப் படிவங்களைத் தட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாமல் வளர்ச்சி தடைபடக்கூடும். உடைந்த நுனி நம் பேரன் பேத்திகளின் காலத்திலும் திரும்ப வளராது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இதை வாயிலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பெலுமுக்குள் புழுக்கம் அதிகம்; சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். மூச்சிரைப்போ நெருக்கமான இடங்களைப் பற்றிய அச்சமோ உள்ள பெரியவர்களுக்குப் பொர்ராவின் விரிந்த கூடமே ஏற்றது, அங்கும் படிகள் ஏராளம் என்பதை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். கூரையிலிருந்து நீர் சொட்டுவதைக் காண விரும்புபவர்கள் மழைக்காலம் ஓய்ந்த கையோடு செல்லலாம்.